ஆள் பார்க்க வந்த பறவைகள்

நாரையேந்தலுக்கு ஆள் பார்க்கப் பறவைகள் வந்தது ஒரு கார்த்திகை மாதம், கண்மாய் நிறைந்து மறுகால் போய்க்கொண்டிருந்த சமயம். வருஷா வருஷம் வருகிற பறவைகள் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் இறங்கி, குச்சி பொறுக்கிக் கூடு கட்டி, தம் வேலையைப் பார்த்துக்கொண்டு ஊரைத் திரும்பியும் பார்க்காமல் இருக்கும், ஆனால் இந்தக் கூட்டம் கண்மாயில் இறங்காமல் பஸ் நிற்கிற இடத்தில் இறங்கி, வரிசை பிடித்து, தெரு வழியே நடந்து வந்தது. முன்னால் ஒரு கிழட்டுக் கூழைக்கடா, அலகுக்குக் கீழே தொங்குகிற பையை ஆட்டிக்கொண்டு, வழி தெரிந்த ஆள் மாதிரி நடந்தது. அதன் பின்னால் அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், மஞ்சள் மூக்கு நாரைகள். அவற்றுக்கும் பின்னால் இந்தப் பக்கத்துச் சனம் கண்டே இராத மலைக்காட்டுப் பறவைகள், மூக்கின் மேல் இன்னொரு மூக்கைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு இருவாச்சி, பச்சைப்புறாக்கள், பெயர் தெரியாத நீலக் குருவிகள். காடும் மலையும் சதுப்பும் தாண்டி ஊர் ஊராக ஆள் பார்த்துக்கொண்டு வந்திருக்கின்றன என்பது அவை போட்ட எச்சத்திலேயே தெரிந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு காட்டின் விதை கிடந்தது.

ஊர் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்படுவதற்கும் கொஞ்சம் மூளை வேண்டும் என்பது ஆடு மேய்க்கிற சங்கிலியின் எண்ணம்.

"என்னாத்துக்கு வந்திருக்குதுகளாம்?" என்று சேவுகன் டீக்கடையில் ஒருவன் கேட்டான்.

"பாக்க."

"எதை?"

"நம்மளத்தான்."

"நம்மகிட்ட என்னய்யா இருக்கு பாக்க?"

"அது அதுகளுக்கும் புரியலபோல. அதான் நின்னு நின்னு பாக்குதுக" என்று சொல்லிவிட்டுச் சேவுகன் டீயை ஆற்றினான்.

அவை பார்க்கிற முறை இதுதான்: ஒரு வீட்டின் முன்னால் சத்தம் போடாமல் நிற்கும், உள்ளேயிருந்து ஆள் வெளியே வந்ததும் கூழைக்கடா ஒரு முறை வாயைத் திறந்து மூடும், உடனே மொத்தக் கூட்டமும் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அந்த ஆளை மேலிருந்து கீழ் வரை பார்க்கும், பார்த்து முடிந்ததும் அடுத்த வீடு.

முதலில் சனம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது, பிறகு வேலையை விட்டுவிட்டு வேடிக்கை காட்ட ஆரம்பித்தது. பெண்கள் பவுடர் போட்டுக்கொண்டு வாசல் கூட்டினார்கள், ஆண்கள் துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு சாணி அள்ளினார்கள், பிறந்ததிலிருந்து பல் விளக்காதவன் தெருவில் நின்று நுரை தள்ள விளக்கினான், ஒரு அறிவாளி வேப்பமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டான், மரத்தில் இருப்பதைப் பார்க்க அவை இவ்வளவு தூரம் வரவில்லை என்பது அவன் மண்டைக்கு எட்டவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் நகையைக் கேட்பதற்கு முன்னால் "பிள்ளைய எம்புட்டு நேரம் பாத்துச்சு?" என்று கேட்டார்கள். கூடுதல் நேரம் பார்க்கப்பட்டவன் குறைந்த நேரம் பார்க்கப்பட்டவனை டீக்கடை பெஞ்சிலிருந்து எழுப்பிவிட்டு உட்கார்ந்தான். ஊர்த் தலைவர் உடையப்பன் அம்பலத்தின் வீட்டு முன்னால் மட்டும் பறவைகள் நிற்கவேயில்லை, நடந்துகொண்டே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டன. முறுக்கின மீசையும் மோதிரமுமாக ஊருக்கு ஒருவர் இருக்கிறார், வழியெல்லாம் பார்த்துச் சலித்திருக்கும்.

அதைக் கேட்டு அந்த வருஷத்தில் முதல் தடவையாகச் சிரித்தவர் சங்கிலி. கண்மாய்த் தெருவின் கடைசி வீடு அவருடையது. அறுபதைத் தாண்டியவர், ஆடு மேய்ப்பவர், ஊரில் ஒருவரோடும் பேச்சு வைத்துக்கொள்ளாதவர். அந்தி சாய்ந்ததும் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு ஊரில் யார் யார் என்னென்ன அயோக்கியத்தனம் செய்தார்கள் என்று சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லித் தீர்த்துவிட்டுத்தான் சோறு தின்பார். அந்த வீட்டின் தலைவாசல் மூடிக் கிடந்தது. அது மூடிய வருஷம் பிறந்த பிள்ளைகளுக்கே இப்போது பிள்ளைகள் இருந்தார்கள். அவரும் ஆடுகளும் வந்து போவதெல்லாம் கொல்லைப்பக்க வழியில்தான்.

அது மூடின கதை ஊருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பதில் அந்த ஊர் கெட்டி.

நாரையேந்தலில் ஒரு வழக்கம் உண்டு. பறவைகள் வந்து இறங்கின நாளிலிருந்து குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு போகிற வரைக்கும், கார்த்திகை முதல் பங்குனி முடிய, ஊரில் வேட்டுப் போடக் கூடாது, கொட்டு அடிக்கக் கூடாது, கோயில் மணியின் நாக்கில் துணியைச் சுற்றிவிடுவார்கள், தாலி கட்டும்போது மேளத்துக்குப் பதிலாக உள்ளங்கையை உரசிக்கொள்வார்கள். பறவைகள் பயந்து போய்விட்டால் அவற்றின் எச்சம் கரைந்த உரத் தண்ணீர் வயலுக்கு வராது, வயல் விளையாது. அந்த மாதங்களில் செத்தவன் சத்தமில்லாமல் போக வேண்டியதுதான்.

சங்கிலியின் பெண்டாட்டி இருளாயி தை மாதத்தில் செத்தாள். ஊரில் அவளைப் போல ஒரு சத்தக்காரி கிடையாது. இந்தக் கரையில் நின்று அவள் ஆட்டைக் கூப்பிட்டால் அந்தக் கரையில் மேய்கிற அடுத்தவன் ஆடும் திரும்பிப் பார்க்கும், சண்டை என்று வந்தால் மூன்று தெரு சோற்றை விட்டுவிட்டு எழுந்து வரும், எந்த இழவு வீட்டிலும் அவள் வந்து ஒப்பாரி எடுத்த பிறகுதான் செத்தவன் செத்துவிட்டான் என்று ஊர் நம்பும். உயிரோடு இருந்தபோதே சங்கிலியிடம் சொல்லி வைத்திருந்தாள், "இந்தா பாரு, நான் போறன்னிக்கு மூணு ஊருக் கொட்டு வேணும், வேட்டு வேணும். கொட்டுச் சத்தம் காதுல விழாம நான் வாசப்படி தாண்ட மாட்டேன், ஆமா." சங்கிலியும் ஒரு தகர டப்பா நிறைய வேட்டு மருந்து வாங்கிக்கொண்டு வந்தார். அம்பலம் வாசலில் குறுக்கே நின்றார். "பறவை இருக்கு மச்சான். ஊருக் கட்டுப்பாடு" என்றார். அவளைக் குசுகுசுவென்று பேசிக்கொண்டே தூக்கிப் போனார்கள், பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதார்கள், திருடிய சாமானைக் கடத்துகிற மாதிரி அவ்வளவு பேச்சுக்காரியைப் பேச்சில்லாமல் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தார்கள்.

சரி, கட்டுப்பாடு என்றால் கட்டுப்பாடு என்று சங்கிலியும் இருந்திருப்பார். ஆனால் மறு வருஷம் மாசியில் அம்பலத்தின் அப்பன் செத்தான். ஊர் கூடிக் கண்மாய்க் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பறவையெல்லாம் இந்த வருஷம் முன்கூட்டியே போய்விட்டது என்று ஒரே வாயாகச் சொன்னது.

"அந்தா நிக்குதேய்யா" என்று சங்கிலி கையை நீட்டினார்.

"எங்க?"

"மரத்துல, வெள்ளையா."

"அது துணி" என்றார் அம்பலம்.

"ஆமா, துணிதான் காயுது" என்றான் சேவுகனின் அப்பன்.

"துணிதான்" என்றது ஊர்.

நடுக் கண்மாயில், ஆள் ஆழத் தண்ணீரில், கருவேல மர உச்சியில் நூற்றுக்கணக்கான துணி உட்கார்ந்து குஞ்சுக்கு மீன் ஊட்டிக்கொண்டிருந்தது. மூன்று நாள் கொட்டு அடித்தார்கள். அன்று தலைவாசலைச் சாத்தித் தாழ் போட்டவர்தான் சங்கிலி. வேட்டு மருந்தைப் பரண்மேல் வைத்தார், ஒவ்வொரு சித்திரையிலும் எடுத்து வெயிலில் உலர்த்தி மறுபடி பரணுக்கே அனுப்பினார்.

இப்போது ஆள் பார்க்க வந்த பறவைகள் தெருத் தெருவாகப் பார்த்து முடித்துக் கடைசியில் சங்கிலியின் மூடிய வாசலுக்கு முன்னால் வந்து நின்றன. நின்றவை நகரவில்லை. காலையில் வந்து நின்று, வெயில் ஏறி, வெயில் இறங்கி, பொழுது மங்கிய பிறகுதான் மரத்துக்குப் போயின. மறுநாளும் அப்படியே.

சங்கிலிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஊரையே ஒரு பார்வையில் கழித்துக் கட்டிய பறவைகள் தன்னைப் பார்க்கத் தவம் கிடக்கின்றன என்றால், தான் யார், இந்தப் பயல்கள் யார் என்பது அதுகளுக்காவது தெரிந்திருக்கிறது. ஒரு நாள் சோதித்துப் பார்க்கலாம் என்று கொல்லை வழியாக ஆட்டை ஓட்டிக்கொண்டு, சுற்றி வந்து, பறவைகளின் மூக்குக்கு முன்னாலேயே நடந்து போனார். ஒரு பறவையும் தலையைத் திருப்பவில்லை. மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றன.

"பாக்காத மாதிரி பாக்குதுக, கள்ளப் பறவைக" என்று அன்று அந்தியில் சுவரிடம் சொன்னார்.

இதற்குள் சேதி பரவி, பட்டணத்திலிருந்து பறவை பார்க்கிறவர்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். மலைக்காட்டில் ஆரம்பித்து ஆற்றோரம், உப்பளம், சதுப்பு என்று ஒரு பயணமாகப் பறவை பார்த்துக்கொண்டு வருகிறவர்களாம்; மண் நிறத்தில் தொப்பி, மண் நிறத்தில் சட்டை, கழுத்தில் ஆளுக்கொரு இரட்டைக் குழாய்க் கண்ணாடி. அவர்களுக்குத் தலைவர் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரங்கபாஷ்யம் என்பவர். எதிரே கையெட்டும் தூரத்தில் நிற்கிற இருவாச்சியை அவர் கண்ணாடி வைத்துப் பார்த்தார், புத்தகத்தைப் புரட்டினார், வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

"இது இங்க வராது" என்றார்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற சங்கிலி, "அதுகிட்டயே சொல்லுங்க. கேட்டுக்கும்" என்றார்.

கூட்டத்தில் ஒரு அம்மா கேமராவை நீட்டியபடி, "சார், கொஞ்சம் ஓரமா நிக்கிறீங்களா? நீங்க பறவைய மறைக்கிறீங்க" என்றார். தன் வீட்டு வேலி ஓரத்தில் தன்னையே ஓரமாக நிற்கச் சொன்னவரைச் சங்கிலி ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனார். பறவைகளோ அந்தக் கூட்டத்தை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. தொப்பி போட்டவர்கள் எதிரே வந்து மண்டியிட்டால் அவை திரும்பி முதுகைக் காட்டின. முதுகை அவர்கள் ஆயிரம் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் ஊரின் தலையில் கல்லைப் போட்டது வேறு சங்கதி. கண்மாயில் இறங்கியிருந்த வழக்கமான பறவைகள் ஒரு குச்சி எடுக்கவில்லை. விருந்தாளிகள் பார்த்து முடிக்கிற வரைக்கும் வீட்டு வேலை ஆகாது என்பது போல எல்லாம் மரத்தில் உட்கார்ந்து கண்மாய்த் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தன. கார்த்திகை போய் மார்கழி பாதியாகிவிட்டது. கூடு இல்லையென்றால் குஞ்சு இல்லை, குஞ்சு இல்லையென்றால் எச்சம் இல்லை, வயலுக்கு வெறும் தண்ணீர்தான். ஊர் ரங்கபாஷ்யத்திடம் போய் யோசனை கேட்டது. இத்தனை நாளில் அவர் ஒரு முதுகுக்கு மேல் எதையும் பார்க்கவில்லை என்பதை ஊர் யோசிக்கவில்லை.

"நாங்களும் அப்படித்தான்" என்று அவர் விளக்கினார். "ஒரு பறவை கூட்டுக்குள்ள இருந்து வெளிய வந்தாத்தான் பாத்தோம்னு சொல்லுவோம். அவரு பின் வழியா வர்றது சேராது. அந்தக் கதவத் திறந்துட்டு வரணும். அதுவரைக்கும் போகாதுங்க."

அப்படியாக உடையப்பன் அம்பலம், மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஊர் பின்னால் வர, கொல்லைப்பக்கம் வந்து, ஆட்டுப் புழுக்கையின் மேல் நின்று, "மச்சான்" என்றார்.

சங்கிலி ஆட்டுக்கு அகத்தி கட்டிக்கொண்டிருந்தார். "யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா ஊருல எல்லாவனும் நான்தான். பேரு?"

"உடையப்பன்."

"உடையப்பன்… அப்பன் செத்தன்னிக்குக் கண்ணு தெரியாமப் போச்சே, அந்த உடையப்பனா?"

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்கள். அம்பலம் விழுங்கிக்கொண்டார். "பழசு எதுக்கு மச்சான்? ஒரு தடவ வாசக் கதவத் தொறந்துகிட்டு வெளிய வந்து நில்லு. பாத்துட்டுப் போயிருங்க. ஊரே உன்னக் கையெடுத்துக் கும்பிடுது."

"வாரேன்" என்றார் சங்கிலி. ஊர் மூச்சு விட்டது. "மூணு ஊருக் கொட்டு வரட்டும். கோயில் மணி நாக்க அவுத்து விடுங்க. பரண்மேல வேட்டு இருக்கு, அதுக்கு நீ உன் கையால நெருப்பு வைக்கணும். என் பெண்டாட்டிக்கு. அப்பத் தொறக்குறேன்."

"என்னப்பா பேசுற? அவ போயி எந்தக் காலம்? பாடைகூட இல்லாம…"

"பாடை எதுக்கு? ஆளத்தான் கொண்டுபோயிட்டீகளே. சத்தம்தான் நின்னு போச்சு."

"பறவை இருக்கிறப்பவா மச்சான்?"

சங்கிலி நிமிர்ந்தார். இத்தனை வருஷம் அடுப்படிச் சுவரிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்த சொல் அது. வாய்க்குள்ளேயே கூராகிக் கிடந்தது.

"எங்க இருக்கு பறவை?" என்றார். "எனக்குத் துணிதான் தெரியுது."

அம்பலம் கரையைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். சனம் யோசித்தது. பிறகு சேவுகன் மெல்ல, "ஆமா, துணி மாதிரித்தான் இருக்கு" என்றான். "துணிதான்" என்று இன்னொருவன் சொன்னான். "துணிதான்" என்றது ஊர், ஒரே வாயாக, அன்று சொன்ன அதே குரலில், கொஞ்சமும் கூச்சமில்லாமல். வயிறு சொன்னால் அந்த ஊருக்குக் கண் எந்தப் பக்கமும் திரும்பும்.

மறுநாள் காலையில் மூன்று ஊர்க் கொட்டும் வந்தது. கொட்டுக்காரர்களில் மூத்தவர் வீரணன் தப்பை நெருப்பில் காய்ச்சிக்கொண்டே, "யாருக்குண்ணே?" என்று சங்கிலியிடம் கேட்டார்.

"இருளாயிக்கு."

"அக்காவுக்கா? அப்ப ஓங்கித்தான் அடிக்கணும். மெதுவா அடிச்சா அது வந்து ஏசும்" என்றார் வீரணன்.

மணியின் நாக்கை அவிழ்த்தார்கள். அம்பலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வத்தியை நீட்டினார், இத்தனை வருஷம் உலர்த்தி வைத்த மருந்து இத்தனை வருஷத்துக் கோபத்தோடு வெடித்தது, அவருடைய மீசை ஒரு பக்கம் கருகியது, தென்னையில் இருந்த குரும்பையெல்லாம் கொட்டியது, ரங்கபாஷ்யம் வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். கண்மாய்ப் பறவைகள் ஒரு தடவை எழும்பி, வானத்தில் ஒரு வட்டம் போட்டு, மறுபடி அதே கிளைகளில் வந்து உட்கார்ந்தன. அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாக வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுத சனம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. வாசலில் நின்ற கூட்டமோ இறகைக்கூட அசைக்கவில்லை.

சங்கிலி குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, உள்ளிருந்து தாழைப் பிடித்து இழுத்தார். துருவேறின தாழ் வர மறுத்தது, காலால் உதைத்துத் திறந்தார். கதவு அலறிக்கொண்டு திறந்தது. அவர் படியைத் தாண்டி வெளியே வந்து, நெஞ்சை நிமிர்த்தி, மீசையைத் தடவிவிட்டு, பறவைகளுக்கு முன்னால் நின்றார்.

கூழைக்கடா வாயைத் திறக்கவில்லை.

சங்கிலி கொஞ்சம் வலப்பக்கம் திரும்பிக் காட்டினார். பிறகு இடப்பக்கம். பறவைகள் அவருடைய தோளுக்கு மேலாக, திறந்த வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றன. முன்னால் நின்ற இருவாச்சி கழுத்தை நீட்டி, அந்தப் பெரிய மூக்கால் அவர் இடுப்பில் மெல்லத் தள்ளியது, கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொல்கிற மாதிரி.

அவர் ஓரமாக நின்றார்.

அப்போதுதான் கூழைக்கடா வாயைத் திறந்து மூடியது. மொத்தப் பறவைகளும் தலையைச் சாய்த்தன. ஒற்றைக் கண்களெல்லாம் வாசற்படியில் ஒரு கணம் நின்றன, பிறகு படி இறங்கின, பிறகு சங்கிலிக்கு முன்னால் வந்து அங்கே கொஞ்ச நேரம் நின்றன, பிறகு ஒன்றாக, மெதுவாக, தெருவழியே நகர ஆரம்பித்தன. வீரணனின் கை தானாக அடியை மாற்றியது. கொட்டுக்காரர்கள் ஒருவரும் சொல்லாமலே இரண்டாகப் பிரிந்து வழி விட்டார்கள். கொல்லையில் கட்டிக் கிடந்த ஆடுகள் அத்தனையும், இருளாயி கண்ணால் கண்டிராத ஆடுகள், யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டது போலத் தெருப்பக்கம் தலையைத் திருப்பின.

"இருளாயி போறா!" என்று ஒருத்தி கத்தினாள்.

"ஆமா, பச்சைச் சேலை!" என்றாள் இன்னொருத்தி.

"பச்சை இல்ல, அரக்கு" என்றான் சேவுகன். "நான் நல்லாப் பாத்தேன்."

இந்தப் பயல்கள் ஒன்றையும் பார்க்கவில்லை என்பது சங்கிலிக்குத் தெரியும். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வெயிலும் புழுதியும் வேட்டுப் புகையும்தான் தெரிந்தன. ஆனால் பறவைகளின் கண்கள் சுடுகாட்டுப் பாதையில் வளைந்து, ஆலமரத்தைத் தாண்டி, மெல்ல மெல்லச் சிறுத்துக்கொண்டு போகிற எதையோ கடைசி வரை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தன.

"இத்தன வருசமும் உள்ளயாடி இருந்தே?" என்றார் சங்கிலி. கொட்டுச் சத்தத்தில் அது ஒருவர் காதிலும் விழவில்லை. "ஒரு வார்த்தை… ஒரு வார்த்தை ஏசியிருக்கலாமேடி, கழுத."

பார்த்து முடித்த பறவைகள் வரிசை பிடித்து, வந்த வழியே பஸ் நிற்கிற இடம் வரை நடந்து, அங்கிருந்து எழும்பி மேற்கே மலைப்பக்கம் போயின. கண்மாய்ப் பறவைகள் உடனே குச்சி பொறுக்க இறங்கின. ஊர் அதைப் பார்த்துக் கையைக் கொட்டிச் சிரித்தது, பறவைகள் வந்துவிட்டன என்று அப்போதுதான் கண்டுபிடித்தது போல ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டது, மணியின் நாக்கில் துணியைச் சுற்ற ஆள் அனுப்பியது. கருகின மீசையைத் தடவிக்கொண்டே வந்த அம்பலம், "என்ன மச்சான், கடைசீல உன்னையும் பாக்கலபோல" என்றார்.

"போடா" என்றார் சங்கிலி.

அன்று அந்தியில் அவர் வழக்கம்போல அடுப்படியில் போய் உட்கார்ந்தார். சொல்வதற்கு நிறைய இருந்தது. சேவுகன் பார்த்த அரக்குச் சேலை, வேனுக்கு அடியில் படுத்த பேங்குக்காரர், கூச்சமில்லாமல் துணி என்ற ஊர், எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. "இந்த அம்பலம் பய இருக்கானே…" என்று ஆரம்பித்தார். குரல் சுவரில் பட்டு, ஒரு சாமானும் இல்லாத வீட்டில் கேட்பது போல அப்படியே அவரிடமே திரும்பி வந்தது.

வாயை மூடிக்கொண்டு, சோற்றைப் போட்டுத் தின்றார்.